பெரிய வீட்டுக் காவல் பணி: சேருமுன் கேட்க வேண்டியவை

கேள்வி, ஜனவரி 11

முதலில் ஒரு கிடங்கிலும், பின்னர் ஒரு வணிக வளாகத்திலும் பாதுகாப்புப் பணியாளராக வேலை பார்த்தேன். இப்போது ஒரு செல்வந்தர் குடும்பத்தின் வீட்டுக்குத் தனியார் பாதுகாப்பு அலுவலராக வரும்படி அழைப்பு வந்துள்ளது. சம்பளம் கூடுதல், கூட்டத்தைச் சமாளிக்க வேண்டியதில்லை, கேட்டைத் திறந்து மூடுவதும் சிசிடிவி திரையைக் கவனிப்பதும்தான் வேலை என்கிறார்கள். அவ்வளவு எளிதான வேலையா இது? சேருமுன் எதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?

ஜனவரி 11, இரவு

எளிதல்ல. நான் நீண்ட காலமாக இந்த வேலையில் இருக்கிறேன். அதற்கு முன் உங்களைப் போலவே கிடங்குக் காவலில் இருந்தவன். கிடங்கில் நீங்கள் காத்த சரக்கு உங்களுக்கு உத்தரவு போட்டதில்லை. வீட்டில் நீங்கள் யாரைக் காக்கிறீர்களோ அவர்கள்தாம் உங்களுக்கு உத்தரவு போடுகிறவர்கள், சம்பளம் கொடுக்கிறவர்கள், பிடிக்கவில்லை என்றால் நாளைக்கே அனுப்பிவிடக்கூடியவர்கள். அவர்களுடைய பாதுகாப்புக்காக அவர்களிடமே "இப்போது முடியாது" என்று சொல்ல வேண்டிய கட்டம் கட்டாயம் வரும். அந்தக் கட்டத்தில் உங்கள் பக்கம் யார் நிற்பார் என்பதைச் சேரும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. இரவு பதினொரு மணிக்கு மேல் கேட்டில் இரண்டு கார்கள் வந்து நிற்கின்றன. வீட்டுப் பிள்ளையின் நண்பர்கள் என்கிறார்கள். அன்றைய வருகையாளர் பட்டியலில் ஒருவர் பெயரும் இல்லை. பிள்ளை தொலைபேசியில் "திறந்து விடுங்கள், என்னைத் தெரியாதா உங்களுக்கு" என்று கோபப்படுகிறார். பட்டியலில் இல்லாதவரை உள்ளே விடக்கூடாது என்று அவருடைய தந்தை எழுதிக் கையெழுத்திட்ட விதி காவல் அறையில் ஒட்டப்பட்டிருக்கிறது. திறந்தால் விதியை மீறியவர் நீங்கள், திறக்காவிட்டால் மறுநாள் காலை சாப்பாட்டு மேசையில் பேசப்படுபவரும் நீங்கள். ஆகவே நேர்காணலின்போது, குடும்பத்தில் இருவர் இரு விதமாகச் சொன்னால் யாருடைய சொல் இறுதியானது என்று கேளுங்கள். அதை எழுத்தில் வாங்குங்கள். கேள்வியைக் கேட்டவுடன் முகம் சுளிக்கிற வீட்டில் பின்னால் உங்களுக்கு ஆதரவு கிடைக்காது.

ஜனவரி 12

நேற்று எழுதாமல் விட்டது, ஷிஃப்ட் மாறும் நேரம். உங்களை விடுவிக்க வரும் ரிலீவர் தாமதித்தால் என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். "அவர் வந்துவிடுவார், நீங்கள் கிளம்புங்கள்" என்று பதில் வந்தால் அந்த வீட்டின் காவல் எப்படி நடக்கிறது என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும்.

1982 ஜூலை 9 அன்று லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனையில் ஒரு மனிதர் சுவரேறிக் குதித்து ராணியின் படுக்கையறை வரை போனார். அறைக்கு வெளியே இரவுக் காவலில் இருந்த ஆயுதமேந்திய காவலர், மாற்று ஆள் வருவதற்கு முன்பே பணி முடித்துப் போயிருந்தார். அத்தனை சுவர்களும் ஆட்களும் இருந்த இடத்தில் வழிவிட்டது இரண்டு ஷிஃப்டுகளுக்கு நடுவே இருந்த இடைவெளி. அது அரசுக் காவல், நம்முடையது தனியார் காவல் என்றாலும் இடைவெளி விழும் விதம் ஒன்றுதான்.

நான் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறேன். ரிலீவர் வந்ததும் இருவரும் சேர்ந்து ஒரு ரவுண்ட்ஸ் போக வேண்டும். சாவிப் பெட்டியைத் திறந்து அவர் கையாலேயே எண்ணிப் பார்க்கச் செய்ய வேண்டும். வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள், யார் வெளியே போயிருக்கிறார்கள், எந்தக் கார் இன்னும் திரும்பவில்லை என்பதை வாயாலும் சொல்லிப் பதிவேட்டிலும் எழுத வேண்டும். அவர் கையெழுத்துப் போடும் வரை காவல் பொறுப்பு என்னுடையது.

ஜனவரி 14

அவசரத்தில் ஒரு குறிப்பு. கழிப்பறை எங்கே, மழையிலும் வெயிலிலும் ஒதுங்க இடம் உண்டா, சாப்பிடும்போது கேட்டில் யார் நிற்பார், பணியில் காயம் பட்டால் காப்பீடு யாருடையது. இவற்றைக் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். நல்ல நிர்வாகம் நடக்கும் வீட்டில் இதற்கெல்லாம் பதில் தயாராக இருக்கும். கழிப்பறைக்குப் போகக் கேட்டை விட்டுவிட்டு வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் நடக்க வேண்டியிருந்தால், அந்த நேரம் கேட்டில் காவல் இல்லை என்றுதான் பொருள். நீங்கள் கேட்பது உங்கள் வசதியோடு அவர்களுடைய பாதுகாப்பையும் சேர்த்துத்தான்.

ஜனவரி 15

வேறொருவர் தனியாகக் கேட்டிருந்தார்: காரிலிருந்து பைகளை இறக்கி உள்ளே கொண்டுபோய் வைக்கச் சொல்கிறார்கள், நாய்க்குட்டியை நடக்க அழைத்துப் போகச் சொல்கிறார்கள், செய்யலாமா?

கூடாது. இரண்டு கைகளிலும் பை இருக்கும்போது வாக்கி டாக்கியை எடுக்க முடியாது, கதவைத் தள்ளி மூட முடியாது, குழந்தையைப் பிடித்து இழுக்க முடியாது. கார் வந்து நின்று, கதவு திறந்து, அதில் இருப்பவர் வாசலுக்குள் போய்ச் சேரும் அந்தச் சில நொடிகளில்தான் உங்கள் கண் தெருவின் மேல் இருந்தாக வேண்டும். மிகச் சரியாக அதே நொடிகளில்தான் பைகளும் இறங்குகின்றன. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் மரியாதைக்காக ஒரு பையை வாங்கினால் மறு வாரம் அதுவே வழக்கமாகிவிடும், அடுத்த மாதம் "ஏன் இன்னும் எடுக்கவில்லை" என்ற கேள்வியாகிவிடும். வழக்கமாகிவிட்ட ஒன்றை மறுப்பது முதல் நாளில் மறுப்பதைவிடப் பல மடங்கு கடினம்.

பணிவாகச் சொல்லும் வழி இருக்கிறது. "ஐயா, நீங்கள் உள்ளே போகும் வரை நான் வெளியே பார்த்துக்கொள்கிறேன், பைகளுக்கு உடனே ஆளை அழைக்கிறேன்." சொல்லிக்கொண்டே வாக்கி டாக்கியில் உள்ளே தகவல் கொடுத்துவிடுங்கள். பெரும்பாலானவர்கள் காரணத்தைக் கேட்டதும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

ஜனவரி 19

முந்தைய குறிப்பில் "அந்தச் சில நொடிகள்" என்று எழுதியதை ஒருவர் மிகைப்படுத்தல் என்கிறார். வீட்டுக்குள் திருடன் நுழைவதுதானே பெரிய ஆபத்து, கார் ஏறி இறங்குவதில் என்ன இருக்கிறது என்பது அவர் வாதம்.

பெல்ஜியத் தொழிலதிபர் பாரன் எம்பெய்ன் 1978 ஜனவரி 23 காலையில் பாரிஸில் தம் வீட்டை விட்டுக் கிளம்பிய சற்று நேரத்தில் கடத்தப்பட்டார். இரண்டு மாதங்களுக்குப் பிறகுதான் விடுவிக்கப்பட்டார். மேற்கு ஜெர்மனியின் தொழில் அதிபர்கள் சங்கத் தலைவர் ஹான்ஸ் மார்ட்டின் ஷ்லையர் 1977 செப்டம்பர் 5 அன்று கொலோன் நகரில் அலுவலகத்திலிருந்து வீடு திரும்பும் வழியில் மறிக்கப்பட்டார். ஓட்டுநரும் உடன் வந்த காவலர் மூவரும் அங்கேயே கொல்லப்பட்டார்கள், ஷ்லையர் பிறகு கொல்லப்பட்டார். டாய்ச்ச வங்கியின் தலைவர் ஆல்ஃபிரட் ஹெர்ஹௌசன் 1989 நவம்பர் 30 காலை வீட்டிலிருந்து புறப்பட்ட சில நிமிடங்களில், சாலையோரம் ஒரு மிதிவண்டியில் வைக்கப்பட்டிருந்த குண்டுக்குப் பலியானார். அவர் சென்றது கவச வாகனம், கூடவே பாதுகாப்பு வாகனங்களும் சென்றன. நகரத்துக்குள் போய்விட்டால் பத்து வழிகள் இருக்கலாம், ஆனால் வீட்டு வாசலிலிருந்து முதல் திருப்பம் வரை பெரும்பாலும் ஒரே வழிதான். காத்திருப்பவனுக்கு அந்த இடமும் தெரியும், நேரமும் தெரியும்.

வீட்டுக்குள்ளேயும் நடக்காமல் இல்லை. 1996 மார்ச் 25 அன்று ஜெர்மனியின் ஹாம்பர்க்கில், புகையிலைத் தொழில் குடும்பத்தின் வாரிசான யான் ஃபிலிப் ரேம்ட்ஸ்மா தம் வீட்டு வளாகத்திலேயே தாக்கிப் பிடிக்கப்பட்டு 33 நாள்கள் அடைத்து வைக்கப்பட்டார். வெளியே, உள்ளே என்று பிரித்து ஒன்றை மட்டும் காக்க முடியாது. ஆனால் உங்கள் கவனம் மிகக் கூர்மையாக இருக்க வேண்டிய இடம் எது என்று கேட்டால் வாசல் என்றுதான் சொல்வேன்.

அந்த வாசலில் நடக்கும் ஒரு சிறு விஷயத்தைச் சொல்கிறேன். ரிமோட்டில் இயங்கும் பெரிய நகரும் கேட், கார் உள்ளே போன பிறகும் மெதுவாகத்தான் மூடும். கார் போய்விட்டது என்று காவலர் திரும்பி நாற்காலிக்குப் போவார். கேட் பாதி மூடியிருக்கும் நிலையில் ஒரு மனிதர் பக்கவாட்டாக நுழைந்துவிடலாம். உணரி ஆளைக் கண்டால் சில கேட்டுகள் நின்று மறுபடியும் திறக்கவும் செய்யும். கேட் தண்டவாளத்தின் கடைசி வரை வந்து, பூட்டின் நாக்கு உள்ளே விழும் "டக்" ஓசை கேட்கும் வரை முகத்தைத் தெருப்பக்கம் வைத்து நில்லுங்கள். எங்கள் இடத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் பழக்குவது இதைத்தான்.

ஜனவரி 20

மேலே எழுதியதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது: புறப்படும் நேரத்தை யாரிடமும் சொல்லாதீர்கள். காத்திருக்கும் மற்ற ஓட்டுநர்களோடு பேசும்போதும், பொருள் கொண்டுவரும் பையனிடமும், பக்கத்து வீட்டுக் காவலரிடமும் "ஐயா எட்டு மணிக்குத்தான் கிளம்புவார்" என்று சொல்வது இயல்பாக வாயில் வந்துவிடும். "தெரியவில்லை" என்று சொல்லப் பழகுங்கள். குடும்பம் வெளியூர் போயிருக்கும் நாள்களில் இது இன்னும் முக்கியம்.

ஜனவரி 26

சிசிடிவி பற்றிக் கேட்டதற்கு இப்போதுதான் எழுத நேரம் கிடைத்தது.

திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பது மனிதரால் நீடித்துச் செய்யக்கூடிய வேலை அல்ல. நார்மன் மேக்வொர்த் என்ற உளவியலாளர் ராடார் திரையைக் கவனிப்பவர்களை மனத்தில் வைத்துச் செய்த சோதனையின் முடிவை 1948இல் வெளியிட்டார். கடிகார முள் போன்ற ஒன்று ஒரே சீராக நகரும். அரிதாக ஒருமுறை இரட்டைத் தாவல் தாவும். அதைக் கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். முதல் அரை மணி நேரத்திலேயே கவனிப்பு குறையத் தொடங்கிவிட்டது. இது சோம்பல் அல்ல, மூளையின் இயல்பு. அதனால் ஒரே ஆளை இரவு முழுக்கத் திரை முன் உட்கார வைக்கும் வீட்டில், அரை மணிக்கோ ஒரு மணிக்கோ ஒருமுறை திரையும் ரவுண்ட்ஸும் மாறி மாறி வரும்படி ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். தனி ஆளாக இருந்தால் எழுந்து நடந்துவிட்டு வாருங்கள். விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்து வரை உடலே உங்களுக்கு எதிராக வேலை செய்யும். அந்த நேரத்தில் உட்காராதீர்கள்.

அடுத்தது பொய் எச்சரிக்கை. இரவில் கேமராவைச் சுற்றி எரியும் அகச்சிவப்பு விளக்குக்குப் பூச்சிகள் வரும், பூச்சிகளைத் தேடிச் சிலந்தி வரும், லென்ஸுக்கு முன்னால் வலை கட்டும். காற்றில் அந்த இழை ஆடும்போது திரையில் வெள்ளைக் கயிறு ஒன்று ஊசலாடுவது போலத் தெரியும். அசைவு எச்சரிக்கை ஒலித்துக்கொண்டே இருக்கும். இரண்டு இரவு பொறுத்துக்கொள்வார்கள், மூன்றாம் இரவு ஒலியை அணைத்துவிடுவார்கள். நான் பார்த்த பல வீடுகளில் பின்பக்கக் கேமராவின் எச்சரிக்கை இப்படித்தான் ஊமையாகிக் கிடந்தது. மாலை ரவுண்ட்ஸில் ஒரு நீளக் கம்பில் துணியைச் சுற்றி ஒவ்வொரு கேமராவையும் துடைத்துவிட்டால் போதும். பக்கிங்ஹாம் அரண்மனையிலும் அந்த மனிதர் நுழைந்தபோது எச்சரிக்கை ஒலித்தது. கோளாறு என்று நினைத்து அதை அணைத்தார்கள்.

காதில் விழுந்ததையும் அப்படியே விடக்கூடாது. விமானி சார்லஸ் லிண்ட்பெர்க் 1932 மார்ச் 1 இரவு நியூ ஜெர்சியில் தம் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது மரம் முறிவது போன்ற ஓர் ஓசையைக் கேட்டார். சமையலறையில் ஏதோ பெட்டி விழுந்திருக்கும் என்று இருந்துவிட்டார். மாடி அறையிலிருந்த குழந்தையை யாரோ ஏணி வைத்துத் தூக்கிச் சென்றது இரவு பத்து மணிக்குத்தான் தெரிந்தது. வெளியே கிடந்த ஏணி முறிந்திருந்தது. அந்த அறையின் ஒரு சன்னலில் மரக்கதவு நெளிந்து போனதால் தாழிட முடியாமல் இருந்தது. தாழ்ப்பாள் விழாத சன்னல் ஒன்று இல்லாத பெரிய வீட்டை நான் பார்த்ததில்லை. அப்படி ஒன்றைக் கண்டால் பதிவேட்டில் எழுதுங்கள், பழுது பார்க்கும் வரை ஒவ்வொரு நாளும் எழுதுங்கள். வீட்டு மேலாளருக்கு எரிச்சலாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

பிப்ரவரி 2

ஜனவரி 15ஆம் தேதிக் குறிப்பில் பைகளைப் பற்றி எழுதியதை யோசித்துக்கொண்டிருந்தேன். முதியவர் ஒருவரைக் கவனித்துக்கொள்ளும் வீட்டில் இருக்கும் நண்பர் எழுதியிருக்கிறார்: "அம்மா படியில் தடுமாறும்போது கையைக் கட்டிக்கொண்டு தெருவைப் பார்க்க முடியுமா?" முடியாது. அந்த வீட்டில் கடத்தல்காரனைவிடப் படிக்கட்டுதான் பெரிய ஆபத்து, கைகொடுப்பதுதான் காவல். அங்கே நான் சொன்ன விதி பொருந்தாது. ஆனாலும் ஒரு கை எப்போதும் வெறுமையாக இருக்கட்டும், நாய்க்குட்டி வேண்டாம் என்பதில் மாற்றமில்லை.

முதலுதவிப் பயிற்சியை இதற்காகவே வலியுறுத்துகிறேன். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், நீச்சல் குளத்தில் குழந்தை. இந்த வேலையில் நீங்கள் உயிரைக் காப்பாற்றும் நாள் வந்தால் அது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்.

பிப்ரவரி 3

சமையல்காரர், ஓட்டுநர், தோட்டக்காரர், பணிப்பெண் ஆகியோரை எப்படி நடத்துவது என்ற கேள்விக்கு. பொருள் காணாமல் போனால் குடும்பத்தார் முதலில் பார்ப்பது அவர்களைத்தான். உங்களையும் அவர்கள் மேல் ஏவுவார்கள். பையைச் சோதிக்கும் விதி இருந்தால் அது எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும், உங்கள் பையும் அதில் சேரட்டும். பெண்ணின் பையைப் பெண்தான் பார்க்க வேண்டும். வீட்டின் வழக்கத்திலிருந்து எது மாறியிருக்கிறது என்பதை அவர்கள்தாம் முதலில் அறிவார்கள். தினமும் வரும் பால்காரருக்குப் பதில் வேறு ஆள் வந்ததைத் தோட்டக்காரர் உங்களிடம் ஓடி வந்து சொல்ல வேண்டுமானால், அவர் உங்களைத் தம் ஆளாக நினைக்க வேண்டும். திருடனைப் பார்ப்பது போல் தினமும் அவரைப் பார்த்துவிட்டு அந்த உதவியை எதிர்பார்க்க முடியாது.

இன்னொரு பக்கமும் உண்டு, அதை மறைக்கக்கூடாது. வங்கியாளர் எட்மண்ட் சாஃப்ரா 1999 டிசம்பர் 3 அன்று மொனாக்கோவில் தம் மாடி வீட்டில் இறந்தார். அவரைக் கவனித்துக்கொள்ள அமர்த்தப்பட்டிருந்த ஆண் செவிலியர், காப்பாற்றியவராக நற்பெயர் வாங்குவதற்காகத் தாமே தீ வைத்துவிட்டு, ஆட்கள் புகுந்து தாக்கியதாகச் சொன்னார். அதை நம்பிய சாஃப்ரா பாதுகாப்பான குளியலறைக்குள் பூட்டிக்கொண்டார். அவரும் உடனிருந்த பெண் செவிலியரும் புகையால் இறந்தார்கள். செவிலியருக்கு 2002இல் தண்டனை வழங்கப்பட்டது. ஆகவே வேலைக்கு எடுக்குமுன் விசாரிக்க வேண்டும், அதை உங்கள் மேலாளரும் குடும்பமும் ஒழுங்காகச் செய்யட்டும். எடுத்த பிறகு தினமும் அவமதிப்பது பாதுகாப்பு ஆகாது.

இந்தச் சம்பவத்தில் காவல் பணியாளர் கவனிக்க வேண்டியது வேறொன்று. பாதுகாப்பு அறை என்று ஒன்று இருந்தால், புகை வந்தால் அதற்குள் என்ன ஆகும், வெளியிலிருந்து யார் திறக்க முடியும், உள்ளே இருப்பவர் வெளியே நிற்பது தீயணைப்பு வீரர்தான் என்று எப்படி நம்புவார் என்பதையெல்லாம் முன்கூட்டியே பேசி, குடும்பத்தோடு ஒத்திகை பார்த்து வைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது செய்யச் சொல்லிக் கேளுங்கள். சிரிப்பார்கள், ஆனாலும் கேளுங்கள்.

பிப்ரவரி 9

இதை எழுதத் தயங்கிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் நீங்கள் சண்டைகளைக் கேட்பீர்கள். யார் எப்போது குடித்துவிட்டு வருகிறார், யார் யாரோடு பேசுவதில்லை, எந்த மருத்துவர் எதற்காக வந்தார் என்பதெல்லாம் கேட்டில் நிற்பவருக்குத் தெரிந்துவிடும். வீட்டில் உங்கள் மனைவியிடம்கூடச் சொல்லக்கூடாது. பதிவேட்டில் "இரவு 11:40, வாகனம் உள்ளே, ஓட்டுநர் வேறு" என்பது போதும். ஏன், எப்படி என்பது உங்கள் வேலை அல்ல. கைப்பேசியில் வீட்டையோ காரையோ பின்னணியாக வைத்து ஒரு படம்கூட எடுக்காதீர்கள்.

ஆனால் ரகசியம் காப்பதற்கு எல்லை உண்டு. குழந்தையை அடிப்பதையோ, பணிப்பெண்ணை வெளியே விடாமல் பூட்டி வைப்பதையோ பார்த்தால் கையெழுத்திட்ட ரகசிய ஒப்பந்தம் அதை மூடி மறைக்கச் சொல்லாது, சொல்லவும் முடியாது. நான் இருந்த ஒரு வீட்டில் பணிப்பெண்ணின் அடையாள ஆவணங்களைக் காவல் அறைப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொள்ளும்படி என்னிடம் கொடுத்தார்கள். நான் வாங்கவில்லை. அவருடைய ஆவணம் அவரிடம் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, சொன்னதைத் தேதியிட்டு மேலாளருக்கு எழுதியும் அனுப்பினேன். சில வாரங்களில் என்னை மாற்றினார்கள். அதே நிலை வந்தால் மறுபடியும் அதையேதான் செய்வேன். வீட்டுக்குள் வாழும் எல்லாருக்கும் சேர்த்துத்தான் காவல், வேலை செய்து அங்கேயே தங்குகிறவருக்கும்தான்.

பிப்ரவரி 10

ஆயுதம் பற்றி ஒரே வரி: உரிமம், பயிற்சி, பூட்டி வைக்கும் இடம், இவை மூன்றும் உங்கள் பெயரில் சட்டப்படி இல்லாமல் "சும்மா இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள்" என்று யார் சொன்னாலும் தொடாதீர்கள். முதலாளியின் துப்பாக்கியை அவருக்காக ஒரு மணி நேரம் வைத்திருப்பதும் இதில் அடங்கும்.

பிப்ரவரி 20

முதலில் கேட்டவர் வேலையில் சேர்ந்துவிட்டதாக எழுதியிருக்கிறார். யாருடைய சொல் இறுதியானது என்று கேட்டாராம். வீட்டு அம்மா அங்கேயே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாராம். கேட்க மகிழ்ச்சியாக இருந்தது. அந்தத் தாளின் நகலை உங்களிடமும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மேலாளர் வரும்போது தேவைப்படும்.

இந்த வேலையை விட்டு வரும்போது என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறார். சேர்ந்தவுடன் கேட்க வேண்டிய கேள்விதான். சாவிகளை ஒவ்வொன்றாக எண்ணி ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். உங்களுக்குத் தெரிந்த கேட் குறியீட்டையும் அலாரம் குறியீட்டையும் மாற்றும்படி நீங்களே எழுத்தில் கேளுங்கள். பிறகு ஏதாவது நடந்தால் உங்கள் பெயர் இழுபடாமல் இருக்க அது ஒன்றே வழி. கைப்பேசியில் இருக்கும் குடும்பத்தாரின் எண்கள், பயணத் திட்டங்கள், வருகையாளர் பட்டியல் அனைத்தையும் மேலாளர் முன்னாலேயே நீக்கிவிடுங்கள். சீருடையையும் அடையாள அட்டையையும் திருப்பிக் கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். அனுபவச் சான்றிதழை அதே நாளில் கேட்டு வாங்குங்கள், தபாலில் அனுப்புகிறோம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.